நடுக்குளத்து நிழல்

1924-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில், உச்சி வெயிலில் ஊரில் எதற்கும் நிழல் விழாத நேரத்தில், ஹபீபா பீவியின் வீட்டு நிழல் செங்கல் குளத்தின் நடுவைத் தொட்டது. பினாங்கில் அந்த நாட்களில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். கொடிமரத்தின் நிழல்கூட அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஆனால் மேற்குக் கரையில் மூன்றாவதாக நின்ற அந்த ஓட்டு வீட்டின் நிழல் மட்டும் பின்படிகளில் இறங்கி, தண்ணீர்மேல் கறுப்புப் பாய் விரித்ததுபோல நீண்டு கிடந்தது. அன்று சூலியா தெருவில் ரங்கூன் அரிசி கொஞ்சம் விலை இறங்கியிருந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வர வேண்டிய படகு நேரத்துக்கு வரவில்லை. குளத்தைச் சுற்றியிருந்த பதினொரு வீட்டாரும் இந்த மூன்று செய்திகளையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள். நிழல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது நிற்குமா என்பதுதான் எல்லாருக்கும் கவலையாக இருந்தது, ஏனென்றால் குளம் தப்புவது அதைப் பொறுத்திருந்தது.

செங்கல் குளம் பிறவியில் குளம் அல்ல. ஜார்ஜ் டவுனில் கடைவீடுகள் வரிசையாக எழுந்த காலத்தில் சூளைக்காரர்கள் களிமண் எடுத்து எடுத்து உண்டான பள்ளம். ஒருநாள் அடியில் ஊற்று உடைந்தது. சூளைக்காரர்கள் போனார்கள், தண்ணீர் தங்கிவிட்டது. பிறகு மேற்குக் கரையில் சூலியா தெருக் கடைக்காரர்களான முஸ்லிம் குடும்பங்கள் ஆறு வீடு கட்டின. கிழக்குக் கரையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்கள் ஐந்து வீடு கட்டினார்கள். குளத்தில் ஆகாயத்தாமரை மண்டியபோது அதை யார் பிடுங்குவது என்று இரண்டு கரைக்கும் சண்டை வந்து, ஒரு பெருநாளும் ஒரு தீபாவளியும் பலகாரம் பரிமாறாமலே கழிந்தன. அப்போது கிழக்குக் கரை கனகசுந்தரம் ஒரு வழி சொன்னார். காலையில் கிழக்குக் கரை வீடுகளின் நிழல் தண்ணீரில் விழுகிறது, மாலையில் மேற்குக் கரை வீடுகளின் நிழல். எந்த வீட்டு நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை குளம் அந்த வீட்டுக்குச் சொந்தம், அதைச் சுத்தம் செய்வதும் அந்த வீட்டின் பொறுப்பு. பொழுது விடியும்போதும் அடையும்போதும் விழும் நீள நிழல் சேராது. வெயில் உறைக்கும் நேரத்து நிழல்தான் செல்லும். எல்லாரும் ஒப்புக்கொண்டு பத்திரம் எழுதி, அரசாங்கத்திலும் பதிவு செய்தார்கள். கனகசுந்தரம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. தன் வாழ்க்கையில் எழுதிய மிக நல்ல ஆங்கிலம் அந்தப் பத்திரம்தான் என்று அவர் நினைத்தார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

அந்த ஏற்பாடு பல வருடம் ஒழுங்காகவே நடந்தது. ஒரேயொரு விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. வீட்டை உயர்த்தினால் நிழல் நீளும், நிழல் நீண்டால் பிடுங்க வேண்டிய களையும் கூடும் என்பதால், பணம் சேர்ந்த பிறகும் பதினொரு வீட்டில் ஒருவர்கூட மாடி எடுக்கவில்லை. கிழக்குக் கரை விஸ்வலிங்கம் தன் கூரை உச்சியில் வைத்த மரச் சேவலைக் களை பிடுங்கிச் சலித்து ஒரு வாரத்திலேயே இறக்கிவிட்டார். ஞாயிறு காலையில் ஒவ்வொரு வீடும் தன் நிழல் விளிம்புவரை இறங்கிப் பிடுங்கும். விளிம்பைத் தாண்டி ஒரு தண்டைக்கூடத் தொடாது. தொட்டால் அது உரிமையாகிவிடும், உரிமையானால் வேலையாகிவிடும் என்ற பயம். ஆகவே எந்த நிழலும் எட்டாத நடுக்குளத்தில் ஆகாயத்தாமரை வளர்ந்து, தடித்து, ஊதாப்பூ பூத்துத் தீவுபோல நின்றது. அதன்மேல் கொக்குகள் குஞ்சு பொரித்தன. அழகாக இருக்கிறது என்று சொல்லி எல்லாரும் அதை விட்டுவிட்டார்கள்.

1924 ஜூன் மாதம் புதிதாக முளைத்த ஒரு நிலக் கம்பெனி அந்த நடுவைக் கண்டுபிடித்தது. பராமரிப்பில்லாத சதுப்பு, கொசு உற்பத்தியாகும் இடம், உரியவர் எவருமில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டு, மண்ணடித்துக் கடைவீடு கட்ட அனுமதியும் கேட்டது. ஆதாரமாக அது காட்டியது கனகசுந்தரத்தின் பத்திரத்தைத்தான். அவர் அதைக் கேட்ட அன்று சாப்பிடவில்லை. நடுவை நிரப்பிவிட்டால் ஓரத்தில் மிஞ்சுவது சாக்கடைதான், பிறகு வீடுகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. கடைக்காரர்களுக்கு லைசென்ஸ் கவலை, குமாஸ்தாக்களுக்கு உத்தியோகக் கவலை.

ஹபீபா பீவிக்கு இரண்டும் இல்லை. கணவர் அப்துல் காதர் சூலியா தெருவில் நாணயம் மாற்றும் கடை வைத்திருந்தவர், இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாசல் வழியாக வெளியே போனது சொற்பம், அதுவும் திரை போட்ட ரிக்‌ஷாவில். அவளுக்கு இருந்த வெளி என்பது பின்படிகளும், படிகளுக்கு அப்பால் இருந்த தண்ணீரும், தண்ணீருக்கு மேலே தெரிந்த வானமும்தான். எதிர்க்கரையில் துணி துவைக்கும் கனகசுந்தரத்தின் மனைவி நவமணியோடு தண்ணீருக்கு மேலாகக் கத்திப் பேசியே சிநேகமானவள். அந்தத் தண்ணீர் இருந்த இடத்தில் கடைவீடுகளின் பின்சுவர் எழுந்தால் அதன் பிறகு தனக்கு உலகத்தில் இடம் ஏது என்று அவள் யோசித்துப் பார்த்தாள்.

கம்பெனிக்குத் தரகு பார்த்தவன் காஜா மொய்தீன், கணவர் வழியில் தூரத்து உறவு. வீடு வீடாகப் போய்விட்டுக் கடைசியாக அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். மற்றவர்கள் ஆட்சேபணை இல்லையென்று எழுதிக் கொடுக்கப் போவதாகவும், அவளுக்கு முன்வரிசையில் ஒரு கடையே தரலாமென்றும் சொன்னான்.

"நடுக்குளம் யாருக்கும் சொந்தமில்ல, லாத்தா. நான் சொல்லல, உங்க பத்திரமே சொல்லுது. நிழல் எட்டாத எடம்."

"எட்டலேன்னா எட்ட வைக்கிறேன்."

"வீட்டப் புடிச்சு இழுத்து நீட்டப் போறியளா?"

"டீயக் குடிச்சிட்டு எந்திரி தம்பி. எனக்கு வீடு கூட்டுற வேல இருக்கு."

சொன்னபடியே அவள் கூட்டினாள். குளத்துப் பக்கத்து ஜன்னல்களையும் பின்கதவையும் திறந்துவைத்து, முன்னறையிலிருந்து தொடங்கினாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த நிழலைத் துடைப்பத்தால் இழுத்தாள். அது பழைய நிழல், தரையோடு ஒட்டியிருந்தது, தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டியிருந்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்ததை ஒட்டடைக்கம்பால் நெம்பி எடுத்தாள். அரிசி ஜாடிக்குள், மடித்த சேலைகளுக்கு இடையில், பரணில், கணவரின் செருப்புக்குள், சுவர்க் கடிகாரத்தின் வயிற்றுக்குள் இருந்ததையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கூடத்தின் வழியாகத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்படிகளில் இறக்கிவிட்டாள். அது தண்ணீரில் போய்ச் சேர்ந்து ஏற்கெனவே இருந்த வீட்டு நிழலோடு கலந்துகொண்டது. இரண்டு மாதத்துக்கு மேல் இந்த வேலை நடந்தது. வீட்டுக்குள் வெளிச்சம் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் எந்த மூலையிலும் இருட்டு இல்லை. அரிசியிலிருந்த வண்டுகள் தாமாகவே போய்விட்டன, பூனை அடுத்த வீட்டுக்குக் குடிமாறியது. அவளுக்குப் பகலில் கண்ணயர முடியவில்லை. திரைக்குப் பின்னால் நின்றாலும் முகம் துலக்கமாகத் தெரிந்ததால் திரையையும் கழற்றி மடித்து வைத்துவிட்டாள்.

அப்படித்தான் நிழல் நடுக்குளத்தைத் தொட்டது. அதே வாரம், அனுமதிக்குக் காத்திராமல், கம்பெனியின் மாட்டு வண்டிகள் தெற்கு முனையில் செம்மண் கொட்டத் தொடங்கின. ஹபீபா பீவி சம்பான் என்கிற சிறு படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே துடுப்புப் போட்டுத் தன் நிழலின் கோடிக்குப் போய் ஆகாயத்தாமரையைப் பிடுங்கினாள். நிழலும் தன்னுடையது, களையும் தன்னுடையது என்பதை ஊர் பார்க்கட்டும் என்று உச்சி வெயிலில்தான் போனாள். வண்டிக்காரர்கள் மண்ணைக் கொட்டாமல் நின்று பார்த்தார்கள்.

நில அளவைக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி அளவுச் சங்கிலி பிடிக்கும் மலாய்க்காரர்களோடு வந்தார். காஜா மொய்தீன் அது மேகத்தின் நிழல் என்று வாதாடினான். அதிகாரி அண்ணாந்து பார்த்தார்; மேகம் இல்லை. படகில் போய் நிழலைச் சங்கிலி போட்டு அளந்தார். வீட்டின் அகலமும் நிழலின் அகலமும் ஒன்றாகவே இருந்தன. பத்திரப்படி இந்தப் பட்டை இந்த அம்மாளுக்கு உரியது, இரண்டு பக்கமும் மிச்சமிருப்பது யாருக்கும் உரியதல்ல, அதை நிரப்பலாம் என்று தீர்ப்புச் சொல்லி, அடுத்த வாரம் வந்து எல்லைக் கம்பு நடுவதாகக் கூறிவிட்டுப் போனார். ஒரு வீட்டு நிழல் போதவில்லை. இரண்டு பக்கமும் மண்மேட்டுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் தண்ணீரோடு ஹபீபா பீவி மிஞ்சுவாள்.

அன்று மாலை கிழக்குக் கரையில் கனகசுந்தரம் அலுவலகத்திலிருந்து வந்தபோது வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. நவமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருடைய புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து எதையோ விளக்குமாற்றால் இழுத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு உடனே விளங்கியது. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நான் அரசாங்க உத்தியோகத்திலை இருக்கிறன். துரைமாருக்கு எதிரா நிண்டா என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?"

"உங்களை ஆர் நிக்கச் சொன்னது? நான் வீடு கூட்டுறன். வீடு கூட்டுறதுக்கும் துரையிட்டைக் கேக்கோணுமோ?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரத்தில் நடுவை மறந்துபோனது தன் பிழைதானா, எல்லாருடைய பிழையுமா என்று அவருக்குத் தெளிவாகவில்லை. பிறகு எழுந்து, தலைப்பாகையைக் கழற்றி, அதற்குள் இருந்த நிழலை வாசற்படியில் உதறினார். "மேசைக்குக் கீழே நான் பாக்கிறன், உனக்குக் கை எட்டாது" என்றார்.

ஒரு குமாஸ்தா துணிந்துவிட்டார் என்றால் மற்ற நாலு பேருக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளுமா? விஸ்வலிங்கம் இறக்கிவைத்திருந்த மரச் சேவலைத் திரும்பவும் கூரையில் ஏற்றினார். மேற்குக் கரைக் கடைக்காரர்கள் கடையை முன்னேரமே சாத்திவிட்டு வந்து கட்டில்களைப் புரட்டினார்கள். அந்த வாரம் பதினொரு வீட்டிலும் துடைப்பச் சத்தம்தான். ஒவ்வொரு வீட்டு நிழலும் ஒவ்வொரு நிறம் என்பது அப்போதுதான் தெரியவந்தது: கடைக்காரர் வீட்டு நிழலில் கொஞ்சம் பழுப்பு, குமாஸ்தா வீட்டு நிழலில் மைக்கறுப்பு. தண்ணீரில் இறங்கியதும் வேற்றுமை தெரியவில்லை.

அதிகாரி திரும்பி வந்த அன்று நண்பகலில் குளம் முழுவதும் நிழலாக இருந்தது. அவர் படகில் நடுவரை போனார், குடையை மடக்கினார், தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எல்லைக் கம்புகளைக் கரையிலேயே விட்டுவிட்டார். கம்பெனி விடவில்லை, வெயில் இல்லாத நாளில் நிழலேது, மழைக்காலத்தில் வந்து பாருங்கள் என்றது. அக்டோபரில் இருட்டிக்கொண்டு மழை கொட்டிய ஒரு நாளில் வந்து பார்த்தார்கள். வானம் சாம்பலாக இருந்தது, ஊர் சாம்பலாக இருந்தது. செங்கல் குளத்தில் பதினொரு வீட்டு நிழலும் கூரை விளிம்பு உட்பட, மரச் சேவல் உட்பட, தெளிவாகக் கிடந்தன. கம்பெனி தன் மண்ணைத் தானே அள்ளிக்கொண்டு போய், கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் ஏதோ ஒரு சதுப்பில் கொட்டியது.

நடு சொந்தமானதால் நடுவின் களையும் சொந்தமாயிற்று. பதினொரு வீடும் ஞாயிறுதோறும் சம்பானில் போய் அதைப் பிடுங்கின. நடுவில் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து தன் விளிம்பு எது என்று தெரியாததால் யாரும் விளிம்போடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. கொக்குகள் மட்டும் கொஞ்சம் கோபமாகக் கரை மரங்களுக்கு மாறின.

வருடங்கள் போயின. ரப்பர் விலை சரிந்து ஊரில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்த 1931-இல் காஜா மொய்தீன், இப்போது வேறு கம்பெனிக்குத் தரகன், கரையில் நின்று நடுக்குளத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். ஹபீபா பீவி சம்பானில் இருந்தாள். அந்தக் கம்பெனிதான் என்றைக்கோ போய்விட்டதே, வீட்டுக்குள் கண் கூசுகிறது என்று எல்லாரும் சொல்கிறார்களே, நிழலை உள்ளே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டான்.

"உள்ள எடுத்தா நாளைக்கி இன்னொருத்தன் வருவான் தம்பி. நீயே கூட்டிட்டு வருவ. அது இங்கயே கெடக்கட்டும்."

அது அங்கேயே கிடந்தது. அந்த வீடுகளுக்கு வாடகைக்கு வருகிறவர்களிடம் தண்ணீர்க் குழாய் எங்கே, கக்கூஸ் எங்கே என்று சொல்லும்போதே, உள்ளே நிழல் கிடையாது என்பதையும் சொல்லிவிடுவார்கள். வந்தவர்கள் சரியென்று தலையாட்டிவிட்டு வாடகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். பகலில் தூக்கம் வருகிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சம்பானில் ஏறி நடுக்குளத்துக்குப் போய்விடுவார்கள். மதியத்தில் அங்கே ஏழெட்டு சம்பான்கள் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டு நிற்கும். எல்லாருக்கும் முதலாவதாகப் போய், முகத்தை மூடாமல், வானத்தைப் பார்த்தபடி படுத்திருப்பவள் ஹபீபா பீவி.