துலுக்காணத்தின் இலை

என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு சிரிப்பு வராது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரிபாபு என் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்தால்தான் பிழைப்பேன் என்றார். தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருகிறதாம். வெட்டுவதற்கு முன்னால் பதினான்கு நாள் மோர், பருப்புத்தண்ணி, அவர்கள் கொடுக்கும் மாவுப்பால், இவ்வளவுதான். அதில் ஐந்து கிலோவாவது குறைய வேண்டும். கல்லீரல் கொழுத்துப்போய்க் குறுக்கே கிடக்கிறது, அது சுருங்காவிட்டால் கத்தி வைக்க முடியாது என்றார்.

"கொறையலன்னா இன்னா சார்?"

"ஆபரேஷன் லேது, செல்லியம்மா. இப்டியே வுட்டா ஒரு நாள் தூக்கத்துலயே ஆகிப்போதுந்தி."

மூச்சு நின்றுவிடும் என்பதைத் தெலுங்கில் சொன்னால் வலிக்காது என்று நினைத்தார் போலும். பக்கத்தில் இருந்த என் மகள் ரூபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இண்டர் இரண்டாம் வருஷம், அதாவது ப்ளஸ் டூ, படிக்கிறாள். அவள் அப்பன் குவைத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அவளுக்கு இந்த உலகத்தில் இருப்பது நான் ஒருத்திதான். அதனால் சரி என்றேன்.

வயிற்றை வெட்டுவதற்கு முன்னால் மனசையும் பார்க்க வேண்டுமாம். அதற்கு வரலக்ஷ்மி என்று ஒரு மேடம். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண், பேச்சு மெத்தென்று இருக்கும். ஒரு நோட்டைக் கொடுத்துக் கோடு போட்டுக் காட்டினாள். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, பசித்ததா, யாருடன் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

"வயிறு நெறஞ்ச பின்னாடியும் சாப்பிட்டது மொதல்ல எப்போன்னு ஞாபகம் இருக்கா? நிதானமா யோசிச்சு சொல்லுங்கோ," என்றாள்.

"குவைத்துல மேடம். அரபி வூட்ல மிஞ்சினதைக் கொட்ட மனசு வராது, துன்னுடுவேன்," என்றேன்.

பொய். பத்து வருஷம் அங்கே சமைத்தது உண்மை, மிச்சத்தைத் தின்றது உண்மை, ஆனால் முதலாவது அது இல்லை. மேடம் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதை ஓடாது. எனக்குத் துலுக்காணம் என்று ஒரு தம்பி. எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில், ஆறு வயதில், ஜுரத்தில் செத்துப்போனான். எனக்கு அப்போது பத்து வயது. பால் தெளித்த அன்று அம்மா மூலையில் அவனுக்கு ஒரு இலை போட்டுச் சோறு வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த இலையை என் முன்னால் இழுத்து வைத்து, "அவன் பங்கையும் நீயே துன்னு," என்றாள். தின்றேன். அன்று தொடங்கியதுதான். தினமும் பகல் ஒரு மணிக்கு மூலையில் ஒரு இலை. அவன் உண்டான் என்று ஆனதும் அதை எடுத்து நான் சாப்பிட்டுவிட்டு மடித்துப் போடுவேன். கல்யாணமாகிப் போன இடத்திலும் போட்டேன். குவைத்தில் இலை ஏது? வெள்ளித் தாளில் வைத்தேன். பாஸ்போர்ட் இல்லாமலே அங்கேயும் வந்துவிட்டான், படுவா. அம்மா போன பிறகும், திருப்பதியில் சொந்த வீடு கட்டி டிபன் கடை போட்ட பிறகும் விடவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

இந்தப் பதினான்கு நாளுக்கு மட்டும் இலை கிடையாது என்று மூலையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். "கோச்சிக்காதடா. அக்கா பொழைக்கணும் இல்ல?"

மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. ரூபா குதித்தாள். டிபன் கடையை ஒரு மாதத்துக்கு இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். பட்டினி கிடப்பவளுக்குப் பகலில் கண்ணை அசத்துகிறது. பன்னிரண்டரைக்குப் படுத்தால் இரண்டு மணிக்குத்தான் விழிப்பு வரும்.

நான்காம் நாள் விழித்து எழுந்தபோது களி கிண்டும் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஈரம் காயவில்லை. ரூபா காலேஜிலிருந்து வர நாலரை ஆகும். காலையில் நான்தான் கழுவி வைத்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். ஆறாம் நாள் கேழ்வரகு மாவு டப்பா பாதியாகியிருந்தது. எட்டாம் நாள் ஆஸ்பத்திரி எடை மிஷினில் ஏறினேன். நூற்றிருபது.

நர்ஸ் மிஷினைத் தட்டிப் பார்த்தாள். என்னை இறக்கித் திரும்ப ஏற்றினாள். நூற்றிருபதுதான்.

"திருட்டுத்தனமா துன்ற, அதானே?" என்று ஆட்டோவிலேயே ரூபா அழுதாள். "நீ செத்துட்டா நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

"ஏன்டி, திருடித் துன்ன எனக்கு இன்னா கேடு? என் வூடு, என் அரிசி! துன்னணும்னா உன் எதிர்லயே துன்ன மாட்டேனா?" என்று கத்தினேன். பிள்ளை மேல் சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் காட்டத்தான் நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் மோர், மாவுப்பால், மோர் என்று ஒழுங்காக இருந்தது. நடுவே ஐந்து வரிகள் மட்டும் வேறு மாதிரி. அந்த வரிகளில் சாப்பாடும் இல்லை, மணியும் இல்லை. 'யாருடன்' என்ற கட்டத்தில் மட்டும் ஒரு எழுத்து, பென்சில் தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியது. தெலுங்கு அ.

எனக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது. துலுக்காணம் இரண்டு மாதம் தெலுங்குப் பள்ளிக்கூடம் போனான். அவன் கற்றுக்கொண்டது அந்த ஒரு எழுத்துதான். கரித்துண்டால் சுவரெல்லாம் எழுதி வைப்பான். இடது கையால் எழுதுகிறான் என்று அம்மா அடிப்பாள். நான் நோட்டை மூடி அரிசி மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டேன். ரூபாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் அவள் காலேஜ் போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் கொல்லைப்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறாள். இரண்டு மணிக்கு என்னை எழுப்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஜன்னல் வழியே எடுத்த வீடியோவைப் போனில் காட்டினாள்.

படத்தில் நல்ல வெயில். நான் அடுப்பங்கரையில் இருக்கிறேன். கண் திறந்திருக்கிறது. களி கிண்டி முடித்து, வாழையிலையை மூலையில் போட்டு, இரண்டு உருண்டை வைக்கிறேன். எப்போதும் இலையை என் பக்கம் இழுத்துக்கொள்வேன் அல்லவா? படத்தில் அப்படி இல்லை. மூலைக்கே போய், சுவரில் முதுகைச் சாய்த்து, அவன் இடத்தில் உட்காருகிறேன். முட்டிவலியில் சம்மணம் போட்டுப் பத்து வருஷமாகிறது எனக்கு. அதில் சின்னப் பிள்ளை மாதிரி காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். இடது கையால் தின்கிறேன். அவசரமில்லை, சந்தோஷமாகத் தின்கிறேன். முடித்ததும் இலையை என் பக்கமாக மடிக்கிறேன். பிறகு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, வாயில் விரலை வைத்துச் சொல்கிறேன்:

"அக்கா தூங்குது. எழுப்பாத."

குரலும் என்னுடையது இல்லை. நான் போனைக் கீழே போட்டுவிட்டேன்.

ரூபா வெகுநேரம் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"போன மாசம் புத்தலப்பட்டு சாவுல சாப்டுட்டு நான் எலையெ என் பக்கம் மடிச்சேன். எல்லார் எதிர்லயும் என்னெ ஏசினியே, ஞாபகம் இருக்குதா? கல்யாணத்துலதான் நம்ம பக்கம் மடிக்கணும், அப்பதான் மறுபடி மறுபடி வருவோம்னு அர்த்தம், சாவுல அந்தப் பக்கம் தள்ளி மடிக்கணும்னு சொன்னே. மாமா எலைய மட்டும் ஏம்மா தெனமும் உன் பக்கம் மடிக்கிறே?"

அம்மா முதல் நாள் அப்படித்தான் மடித்துக் காட்டினாள். பெற்றவளுக்கு அதைச் சாவு இலையாக மடிக்கக் கை வரவில்லை. நான் அதைப் பார்த்து அப்படியே பிடித்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் ஒரு மணிக்கு நாங்கள் அவனை மறுபடி வா, மறுபடி வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். குழந்தை வேறு என்ன செய்யும்? வந்தான்.

பத்தாம் நாள் நான் தூங்கவில்லை. வலது கையாலேயே களி கிண்டினேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ஒரு மணிக்கு மூலையில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ரூபாவை வாசற்படியில் நிற்கச் சொன்னேன். கருவாட்டு வாசத்துக்குத் தெருவில் உள்ள ஈயெல்லாம் வர வேண்டும். ஒரு ஈ கூட வரவில்லை. என் இடது கை மெல்ல இலைப் பக்கம் நகர்ந்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அடியில் அது துடித்தது.

மேடத்திடம் சொல்லாததை அங்கேதான் சொன்னேன்.

"டேய் துலுக்காணம். அன்னிக்கி அம்மா கரும்பு வெட்டப் போவசொல்ல ரெண்டு உருண்டை களி வெச்சிட்டுப் போச்சி. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நீ சொரத்துல படுத்துக்கினு இருந்தே. என்னோடத துன்னேன், வயிறு நெறஞ்சிடுச்சி. அப்பறமும் உன்னோடதுல கொஞ்சம் கிள்ளினேன். அப்பறம் இன்னும் கொஞ்சம். அப்பறம் சட்டி காலி. நீ கண்ணைத் தொறந்து களி குடுன்னு கேட்டே. நீதான்டா அப்பவே துன்னுட்டு படுத்தே, மறந்துட்டியான்னு சொன்னேன். நீ நம்பிட்டே."

அவன் நம்பியதுதான் என்னால் தாங்க முடியாதது. ஆமாம்க்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். சாயங்காலம் அம்மா வந்து முதலில் அவனைத் தொட்டாள், பிறகு சட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவன் பங்கையும் நீயே துன்னு என்று அவள் சொன்னது சாபமா பாசமா என்று அவள் சாகும்வரை நான் கேட்கவும் இல்லை.

"இது உன் பங்கு. முழுசும் உன்து. அக்கா தொட மாட்டேன். துன்னுட்டு கெளம்புடா, கண்ணு."

கால் மணி நேரம் போனது. தொடைக்கு அடியில் கை அடங்கியது. குனிந்து இலையின் விளிம்பைப் பிடித்து எதிர்ப்பக்கமாகத் தள்ளினேன். பாதி மடிந்தபோதுதான் உறைத்தது. எனக்கு எதிர்ப்பக்கம்தான். ஆனால் உண்டவன் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறான்! அவனுக்கு அது அவன் பக்கம். மறுபடியும் வா என்று கூப்பிடத்தான் போனேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ரூபா ஓடி வந்தாள், வேண்டாம் என்றேன். இலையைச் சுற்றிக்கொண்டு போய் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். தரை சுட்டது, ஜுரம் அடிக்கிற உடம்பு படுத்து எழுந்த பாய் போல. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை. நேரே இருப்பது நான் தினமும் உட்காரும் இடம் மட்டும்தான். இத்தனை வருஷமும் அவன் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். இரண்டு கையாலும் இலையைப் பிடித்து, அழுதுகொண்டே, அறையைப் பார்த்துத் தள்ளி மடித்தேன். உள்ளே இருந்த களியோடு கொல்லையில் குழி தோண்டி நாங்கள் இருவரும் அதைப் புதைத்தோம்.

பதினாலாம் நாள் மிஷினில் நூற்றுப் பத்து காட்டியது. நர்ஸ் இப்போதும் மிஷினைத் தட்டிப் பார்த்தாள். வரலக்ஷ்மி மேடம் நோட்டைப் புரட்டி, அந்த ஐந்து வரிகளில் விரலை வைத்து, "இது யாரு?" என்றாள்.

"என் தம்பி. போயிட்டான், மேடம்."

அவள் நோட்டை மூடி, ஆபரேஷனுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ஒரு சின்னக் கப்பில் முப்பது மில்லி தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் கால் மணி நேரம் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். சுவர்க் கடிகாரம் பகல் ஒரு மணி அடித்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்த நேரத்துக்கு என் வயிற்றை ஒரு சின்னக் கை பிடித்து இழுக்கும். ஆஸ்பத்திரி அறையின் மூலையைப் பார்த்தேன். குப்பைக்கூடை இருந்தது.

"பசிக்குதாம்மா?" என்றாள் ரூபா.

காத்திருந்து பார்த்தேன். ஒன்றரை ஆனது. யாருக்கும் பசிக்கவில்லை. நான் தலையணையில் முகத்தை வைத்துச் சத்தம் போட்டு அழுதேன். தையல் வலிக்கிறது என்று நினைத்து ரூபா நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.