ஏதோ படித்தவள்

திருச்சுழியில் பருத்தி வியாபாரி வீரணன் நடத்திவந்த பெண்கள் பள்ளிக்கு 1966-இல் ஒரு தலைமையாசிரியை தேவைப்பட்டார். போட்டியில் இருந்தவர்கள் அங்கேயே பாடம் நடத்திவந்த இரண்டே பேர். ஒருத்தி உள்ளூர்ப் பலசரக்குக் கடைக்காரர் மகள் சரஸ்வதி. மற்றவள் அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சுப்புலட்சுமி. மதுரையில் ஒரே அறையில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். வாடி, போடி என்றுதான் பேச்சு.

ஆனால் சுப்புலட்சுமி பாடம் நடத்தும்போது சரஸ்வதியின் காது அடுத்த அறையில்தான் இருக்கும். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசி வளர்ந்தவளுக்கு இங்கிலீஷ் எப்படி நாக்கில் இப்படி உருள்கிறது? பிள்ளைகள் பஸ் நிற்கும் இடம்வரை அவள் பின்னாலேயே போவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

வீரணன் இருவரையும் பற்றிக் கேட்டு, மதுரையில் அவர்களுக்குப் பாடம் சொன்ன இங்கிலீஷ்கார அம்மாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். பதில் வந்த அன்று சுப்புலட்சுமி லீவு. வீரணனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"உங்களைப் பத்தியும் இருக்கும். கூச்சப்படாம வாசிங்க டீச்சர்."

சரஸ்வதி நம்பகமானவள், நேரம் தவறாதவள் என்றிருந்தது. அடுத்த வரி: சுப்புலட்சுமி, 'சம்திங் ஆஃப் எ ஸ்காலர்.'

சரஸ்வதிக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மா எதையும் நேராகச் சொல்லமாட்டார். மனதில் இருப்பது பெரிதாக இருந்தால் முன்னால் ஒரு 'சம்திங்' போட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். விடுதிச் சாம்பார் ஊசிப்போன அன்றும் அதே 'சம்திங்' போட்டு, ஏதோ ஏமாற்றம் என்றுதான் சொன்னார். மறுநாள் சமையல்காரர் வேலையில் இல்லை. ஆக, சுப்புலட்சுமி பெரிய படிப்பாளி. தனக்கோ, கடிகாரத்துக்குச் சொல்கிற பாராட்டு.

"அவுகளைப் பத்தி என்ன எழுதியிருக்காக?"

"ஏதோ படிச்சவுகன்னு எழுதியிருக்காக."

"ஏதோன்னா?"

"சம்திங்னா ஏதோதான்யா."

வார்த்தைக்கு வார்த்தை சரிதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் பதவி அவளுக்கு வந்தது. சுப்புலட்சுமி காராச்சேவு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். "உனக்குத்தான் குடுப்பாகன்னு எனக்குத் தெரியும்டி." அந்தச் சந்தோஷத்தில் பொய்யே இல்லை. தோற்றும் இவள் முகம் வாடவில்லையே என்று சரஸ்வதிக்கு அதுவும் எரிந்தது.

மூன்று மாதம் பொறுத்தாள். பிறகு வீரணனிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த லெட்டரைப் பாத்தா நான் முடிவு பண்ணேன்? நீங்க உள்ளூரு. பஸ்ஸு வராட்டாலும் பள்ளிக்கூடத்தைத் தெறந்துருவீக. அம்புட்டுத்தான்."

அன்று சாயங்காலமே கடிதத்தைச் சுப்புலட்சுமியிடம் கொடுத்தாள். அவள் இரண்டு முறை வாசித்தாள். முகம் மலர்ந்தது. அந்த நேரத்திலும் சரஸ்வதிக்கு அந்த மலர்ச்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"இதை ஏன்டி இத்தனை நாளாக் காட்டல?"

"அய்யாகிட்ட மாத்திச் சொல்லிட்டேன். நீ ஏதோ படிச்சவன்னு. பொறாமைடி. இப்பவும் இருக்கு."

சுப்புலட்சுமி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"வணக்கம் டீச்சர். உள்ள வரலாமா?"

என்னடி என்று கேட்க வாயெடுத்த சரஸ்வதி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வாங்க," என்றாள்.