எண்பத்தேழின் முதல் தடம்

ஜனவரியின் கடைசி ஞாயிறன்று நான்கு பேரும் மேல் குடிசைக்கு நடந்தே ஏறினார்கள். முன்பெல்லாம் பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில், வழுக்காமலிருக்க ரோமப் பட்டை கட்டிக்கொண்டு ஏறுவது வழக்கம். இந்த வருஷமும் ரப்பர் பூட்ஸ் போதுமானதாக இருந்தது. வழி நெடுகப் போன கோடையின் மஞ்சள் புல், ஆட்டுப் புழுக்கை, ஈரமண். பாறைகளின் நிழலில் மட்டும் அழுக்கு வெள்ளையாகக் கொஞ்சம் பனி ஒட்டிக்கொண்டிருந்தது.

கெங்கெஷ் முன்னால் நடந்தார். குடிசையின் சாவி அவரிடம்தான் இருந்தது. சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டின் கம்பங்களுக்கு எண்ணெய் போடுவதும், பனியின் ஆழத்தை அளந்து எழுதுவதும் நாற்பது வருஷமாக அவர் வேலை. இனி அந்த வேலை இல்லை. கம்பங்களைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை வெட்ட ஆள் வருகிறது.

"மூணாவது வருஷம்டா இப்படி," என்றார் பின்னால் வந்த தோலோகோன். மூச்சு வாங்கினாலும் அவருக்குப் பேச்சு நிற்காது. சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலையில் இருந்தவர், இப்போது ஆடு வைத்திருக்கிறார். "எங்க ஆடுங்க ஜனவரில மலை உச்சியில மேயுது. அதுங்களுக்கே ஒண்ணும் புரியல. என்னைப் பாத்து முழிக்குது."

"உன்னைப் பாத்தா யாருக்குத்தான் முழிக்கத் தோணாது," என்றாள் ராயிசா. மலையடியில் இருக்கும் கோக்-பெல் ஊரை விட்டுப் போகாத ஒரே ரஷ்யக்காரி. சறுக்குப் பந்தயங்களில் கடிகாரம் பிடித்தவள். அறுபத்து மூன்று வயதிலும் அந்த நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கடைசியாக வந்தவர் சாகின். நால்வரில் மூத்தவர், நகரத்துக்கு வேன் ஓட்டுபவர். ஒரு காலத்தில் சுரங்கத்துச் சறுக்கு அணியில் அவரைத் தாண்டி ஒருவரும் இறங்கியதில்லை. எண்பத்தேழுக்குப் பிறகு அவர் பலகையில் கால் வைக்கவில்லை. ஆனாலும் இந்த ஞாயிறை ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. கீழே இறங்கும்போது மற்றவர்கள் சறுக்கிக்கொண்டு போவார்கள், அவர் ஓரமாக நடந்து இறங்குவார்.

குடிசைக்கு வெளியே ஏழாம் எண் கம்பம் நின்றது. அதில் ஒவ்வொரு குளிர்காலத்தின் பனி உயரமும் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தது. பெரும்பாலான கோடுகள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். எல்லாவற்றுக்கும் மேலே, கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 87. அதற்குக் கீழே ஒரு பெயர்: மிர்லான். சாகினின் தம்பி. அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு இருபத்தொரு வயது.

உள்ளே அடுப்பு மூட்டினார்கள். ராயிசா பொரித்த ரொட்டித் துண்டுகளைத் துணியைப் பிரித்து மேசையில் கொட்டினாள். தோலோகோன் குதிரை இறைச்சியை வட்டம் வட்டமாக நறுக்கினார். பால் தேநீர் கொதித்தது. ஒரு வோட்கா பாட்டில் திறக்கப்பட்டது. ஆளுக்கொரு குளிர்காலம் சொல்ல வேண்டும், அதுதான் இந்த நாளின் முறை. பதினெட்டுப் பேர் இருந்தபோது பேச்சு மதியத்தைத் தாண்டும். சுரங்கம் மூடியபின் பாதிப்பேர் ரஷ்யாவுக்குப் போனார்கள், மீதியில் பாதி கல்லறைக்கு.

"எழுபத்தொம்பது," என்று தோலோகோன் ஆரம்பித்தார். "கதவத் திறந்தா கதவு அளவுக்கு வெள்ளைச் சுவரு. எங்கப்பா ஜன்னல் வழியா என்னைத் தூக்கி வெளிய போட்டாரு. நான் நேரா மாட்டுக்கொட்டகை கூரை மேல விழுந்தேன். அங்கேருந்து பள்ளிக்கூடக் கூரைக்கு ஒரே சறுக்கு. வாத்தியாரு கேட்டாரு, ஏன்டா புகைக்கூண்டு பக்கத்துல நிக்கறேன்னு. வருகைப் பதிவுக்கு சார்னு சொன்னேன்."

"போன வருஷம் அது கோழிக்கூரைன்னு சொன்னே," என்றாள் ராயிசா.

"பனி கொறையக் கொறைய கூரை பெருசாகுது. என்ன செய்யச் சொல்றே."

கெங்கெஷ் சிரித்தார். சாகின் சிரிக்கவில்லை. ராயிசா தன் குளிர்காலத்தைச் சொன்னாள். மின்சாரம் இல்லாத தொண்ணூற்று மூன்று. பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டுக்காரியைப் பலகைகளை ஜோடி சேர்த்துக் கட்டிய சறுக்கு வண்டியில் பதினோரு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் குழந்தை இப்போது துருக்கியில் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான். "பனியே பாத்ததில்லையாம் அவன் புள்ள," என்றாள்.

"சரி, கெங்கெஷ்," என்றார் தோலோகோன். "முதல் தடத்தைச் சொல்லு."

எல்லா வருஷமும் கடைசியில் இதுதான். எண்பத்தேழின் முதல் தடம். கெங்கெஷ் அதை நன்றாகச் சொல்வார். சாகின் எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போவார். கதை முடிந்து பேச்சுச் சத்தம் அடங்கியபிறகுதான் உள்ளே வருவார். அதுவும் முறையாகிவிட்டிருந்தது.

இன்று சாகின் எழவில்லை. சிகரெட் பெட்டியை மேசைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நான் இருக்கேன், சொல்லு," என்றார். "சரிவோட விளிம்பு வரைக்கும்தான் நான் பாத்தேன். மிர்லான் அதத் தாண்டினதும் மறைஞ்சுட்டான். அப்புறம் சத்தம்தான். கீழேருந்து பாத்தவன் நீ ஒருத்தன். ஏழு வளைவு போட்டு இறங்கினான்னு தோலோகோன் சொன்னான். அத உன் வாயால கேக்கணும். புதன்கிழமைக்கப்புறம் இங்க வரதுக்கு ஒண்ணும் இல்ல."

கெங்கெஷ் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். கதையின் முதல் வரி நாக்கு நுனியில் இருந்தது. 'அன்னிக்கு விடியும்போது மலை மாவு சலிச்ச மாதிரி இருந்துச்சு.' முப்பத்தேழு தடவை அப்படித்தான் தொடங்கியிருக்கிறார்.

கோக்-பெல்லில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் பனி விழுந்த காலையில் பனி பார்க்கிறவன் விடியற்காலை முதல் லிஃப்டில் தனியாக மேலே போவான். தரை தெரியும்வரை குழி வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் விரலால் குத்திப் பார்ப்பான். அடியில் ஓர் அடுக்கு தளர்ந்திருந்தால் மேலே இருக்கிற பனி மொத்தமும் சரிந்துவிடும். ஓட்டப் பாதை கெடக் கூடாதென்று குழியைப் பாறைக்கு அந்தப் பக்கம் வெட்டுவார்கள். எல்லாம் கெட்டியாக இருந்தால் கம்பத்தில் நீலத் துணியை ஏற்றுவான். துணியைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் ஏறி வருவார்கள். குழி வெட்டியவனுக்குக் கூலி, யாரும் தொடாத சரிவில் முதல் தடம். குழியை யாரும் போய்ப் பார்த்ததில்லை. துணி ஏறியிருந்தால் போதும்.

"நான் குழி வெட்டல," என்றார் கெங்கெஷ்.

தோலோகோன் ரொட்டியைக் கடித்தபடி நிமிர்ந்தார். "என்னது?"

"அன்னிக்கு. குழி வெட்டல. பாறை பக்கமே போகல. மூணு மீட்டர் ஆழம், வெட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வெயில் விழுந்து பனி கனத்துடும். அப்படி ஒரு பனிய நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல, அப்புறமும் பாக்கல. துணிய ஏத்திட்டு, நீங்க வர்ற வரைக்கும் மண்வெட்டி மேல உக்காந்திருந்தேன்."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. ராயிசா அதைத் திரும்பிப் பார்த்தாள், எழுந்து போய்ச் சரிசெய்யவில்லை.

"விசாரணைல எழுதிக் குடுத்தியே," என்றார் சாகின். குரல் உயரவில்லை. வேனில் ஏறுகிறவரிடம் ஊர்ப் பெயர் கேட்பதுபோல் கேட்டார். "ஏழே முக்காலுக்குக் குழி வெட்டுனேன், அடுக்கு கெட்டியா இருந்துச்சுன்னு."

"எழுதினேன்."

"வெட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

கெங்கெஷ் பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. பனி புரியாத சரக்கு, வெட்டினாலும் சில நேரம் தெரியாது. கேட்கிறவர்கள் நம்புவார்கள். "தெரிஞ்சிருக்கும்," என்றார். "மத்தியானம் அவனைத் தேடித் தோண்டும்போது பாத்தேன். தரையிலேருந்து ரெண்டு சாண் உயரத்துல அப்படியே சர்க்கரை. கையில அள்ளினா விரல் இடுக்குல ஓடுது. அதுமேல மொத்தப் பனியும் சும்மா உக்காந்திருந்துச்சு. சின்னப் பையன் பாத்தாக்கூடத் துணிய இறக்கியிருப்பான்."

"அப்ப நான் சொன்னது?"

சாகின் சொன்னது என்ன என்பது ஊருக்கே தெரியும். கெங்கெஷின் தடத்துக்குப் பின்னால் போக நின்ற தம்பியைப் பார்த்து அவர்தான் சீண்டினார். அடுத்தவன் தடத்துலயே போறதுக்கு எதுக்குடா வந்தே, வலது பக்கம் இறங்கு, ஆம்பளையா இருந்தா. மிர்லான் வலது பக்கம் இறங்கினான். சோதித்த பாதையை விட்டு விலகியதால் பனிச்சரிவில் நேர்ந்த மரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

"நான் அம்மாகிட்ட சொன்னேன்," என்றார் சாகின். "மறைக்கக் கூடாதுன்னு அன்னிக்கு ராத்திரியே சொன்னேன். பத்தொம்பது வருஷம் இருந்தா. என் முன்னாடி ரொட்டி வெப்பா, முகத்தப் பாக்க மாட்டா. சாகற அன்னிக்கும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

"தெரியும்ணே."

"தெரியும். எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து டீ குடிச்சே. என் கல்யாணத்துக்கு வந்தே. பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போனப்பவும் வந்தே, பாட்டிலோட. விடுண்ணே, உன் தப்பு இல்லன்னு சொன்னே. நான் கேட்டேன், உனக்கெப்படித் தெரியும்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன சொன்னே?"

ராயிசாதான் சொன்னாள், மேசையைப் பார்த்துக்கொண்டு: "நானும் அங்க இருந்தேன். மலைக்குத்தான் தெரியும்னு சொன்னே, கெங்கெஷ்."

தோலோகோன் பாட்டிலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "அந்தக் காலத்துல கோச்சு எவ்ளோ நெருக்குவான்," என்று ஆரம்பித்தவர், ராயிசா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

சாகின் சிகரெட் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்தப் பழியோட எப்படி இருக்கறதுன்னு நான் கத்துக்கிட்டேன்," என்றார். "காலைல எப்படி எந்திரிக்கறது, எப்படிப் பல்லு தேய்க்கறது, வேன எப்படி எடுக்கறது. எல்லாத்தையும் அதுக்குத் தகுந்தாப்ல கத்துக்கிட்டேன். இப்ப அது என்னோடது இல்லேங்கற. அறுபத்தாறு வயசுல இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? போயி அம்மாகிட்ட சொல்லவா?"

கெங்கெஷ் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றுதான் பல வருஷமாக நினைத்திருந்தார். இப்போது அதை இந்த மேசையில் வைக்க இடம் இருப்பதாகத் தெரியவில்லை. சொன்னால் பாரம் இறங்கும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்திருக்கிறார். எதுவும் இறங்கவில்லை. இரண்டு பேராக அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

சாகின் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்தபடி ஆடியது. குளிர்காற்றுகூட வரவில்லை, ஏப்ரலில் வீசுவதுபோல ஈரக் காற்று.

மற்ற மூவரும் வெளியே வந்தார்கள். கம்பத்தில் இந்த வருஷக் கோட்டைப் போடத் தோலோகோன் சிவப்புச் சாயமும் தூரிகையும் கொண்டுவந்திருந்தார். கம்பத்தின் அடியில் புல் இருந்தது. கோடு போட ஒன்றுமில்லை. அவர் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, "நான் அண்ணன் கூடப் போறேன்," என்றார். ராயிசா பின்தொடர்ந்தாள். பத்தடி போனபின் நின்று, கழுத்துக் கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கெங்கெஷை வா என்று கூப்பிடவில்லை.

சாகின் ஓரப் பாதையில் இறங்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாகச் சரிவின் நடுவே போனார், வலது பக்கமாக. பனியில்லாத மலையில் அது ஒரு சாதாரணப் புல்மேடு. ஆடு மேய்கிற இடம். நடுவில் விளிம்பு மாதிரி லேசாகப் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பின்மேல் வந்ததும் நின்றார். கீழே ஊசியிலை மரங்கள் வரை பார்த்தார். பிறகு திரும்பினார்.

"கெங்கெஷ்," என்று கூப்பிட்டார். அறுபது எழுபது அடி தூரம். "அந்த ஏழு வளைவு. அது நெசமா?"

கெங்கெஷ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று காலை அவர் விளிம்பைத் தாண்டி இறங்கினார், நிற்கவே இல்லை. முழங்கால் வரை பனி மாவாகப் பறந்தது, சத்தமே இல்லை, உடம்பில் எடை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நேராக மரங்களுக்குள் போய்விட்டார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் இடி மாதிரி கேட்டபோதுதான் திரும்பினார், அப்போது மலை முழுக்கப் பனிப் புகை. ஏழு என்ற எண்ணை மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ கதையில் சேர்த்தார். சாகினுக்காகத்தான் சேர்த்தார் என்று அப்போது தெளிவாக இருந்தது.

ஏழு என்று சொல்லிவிடலாம். ஒரே சொல்.

"பாக்கலண்ணே," என்றார்.

சாகின் கையைக் காதில் வைத்தார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கேட்கவில்லை.

கெங்கெஷ் மூச்சை இழுத்து, மலை முழுவதும் கேட்கும்படி மறுபடி கத்தினார். "பாக்கல. நான் திரும்பியே பாக்கல."

சாகின் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு விளிம்பைத் தாண்டி இறங்கினார். முதலில் கால் மறைந்தது, பிறகு தோள், பிறகு தொப்பி. தோலோகோனும் ராயிசாவும் அவர் மிதித்த இடத்திலேயே மிதித்து இறங்கினார்கள். ஈரமண்ணில் மூவரின் தடமும் ஒன்றாகத் தெரிந்தது.