படியில் முட்டி நிற்கும் வண்டி

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ரோமில், பேராலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி, குருமார்களுக்குத் துணி விற்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஓசிச் சரக்கை விரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். பார்த்தேன். ஒரு கிழிசல் இருக்கிறது. பிறகு காட்டுகிறேன்.

2

'மகத்தான சீர்திருத்தவாதியான அந்தப் பாப்பரசர்...'

(வேண்டாம். கல்லறை வாசகம் மாதிரி இருக்கிறது.)

கர்தினால்களின் அங்கியில் தரையைக் கூட்டிக்கொண்டு வந்த பட்டு வாலை அவர் வெட்டச் சொன்ன அன்று, பட்டு விற்ற என் அப்பா சாப்பிடவில்லை. திட்டிக்கொண்டே அந்தப் பாப்பரசர் படத்தைக் கடையில் மாட்டினார்.

(இது தேவலை. அவரைப் பாப்பரசர்கள் பட்டியலில் தேடாதீர்கள். இவர் நான் தைத்த பாப்பரசர்.)

3

எவாரிஸ்தோ, பாப்பரசரை நாற்காலியோடு தோளில் சுமப்பவர்களில் ஒருவர். பரம்பரை வேலை. இந்தப் புதிய பாப்பரசர் முதல் நாளே நாற்காலியை முறைத்தார்.

"நான் என்ன அலமாரியா, தூக்கிட்டுப் போறதுக்கு?"

"அப்ப எங்க தோளுக்கு என்ன வேலை சாமி?"

"கையைக் குடுப்பா. படி இறங்கணும்."

கடைசிவரை அந்தக் கையைப் பிடித்துத்தான் இறங்கினார். எவாரிஸ்தோவுக்குப் பெருமைதான். ஆனாலும் என்னிடம் சொல்வார்: "ஒரே ஒரு தடவை சுமந்திருக்கலாம், தம்பி."

(இவரை நம்புவதா? எங்கள் தெருவில் இவ்வளவு ஆசையை யாரும் வெளியே காட்டமாட்டார்கள். விலை ஏறிவிடும்.)

4

பாப்பரசர் இறந்தார். சுமப்பவர்களுக்கு வழக்கப்படி ஒரு கடைசிச் சுமை உண்டு: சவப்பெட்டி. ஆனால் அவர் அதையும் சீர்திருத்திவிட்டுப் போயிருந்தார். யாரும் சுமக்கக் கூடாது, கைவண்டி போதும் என்பது அவர் கடைசி உத்தரவு.

மறுநாள் எவாரிஸ்தோ கடைக்கு வந்தார்.

"தோளுக்குப் பஞ்சு வெச்சு ஒரு பட்டை தைச்சுக் குடு தம்பி."

"வண்டியில போறவருக்கு உங்க தோள் எதுக்குண்ணே?"

"எல்லாத்தையும் மாத்தினாரே மனுஷன், பேராலயத்துப் படியை மாத்தினாரா? வண்டி படி ஏறுமா?"

சிரித்தார். உடனே குரல் இறங்கியது.

"அவர் பேச்சை மீறினா கோவிச்சுக்குவாரா?"

இதுதான் நான் சொன்ன கிழிசல்.

5

முடிவு ஒன்று: பலகை போட்டு வண்டியை ஏற்றுகிறார்கள். அவர் பேச்சு நிற்கிறது. எவாரிஸ்தோ தோளில் பஞ்சுப்பட்டையோடு கூட்டத்தின் நடுவே...

(எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: சுமக்கிறார்கள். ஆசை தீர்கிறது. ஆனால் வாழ்நாளெல்லாம் மறுத்தவரைக் கடைசியில் அலமாரி ஆக்கிவிட்டோம்.

வண்டி முதல் படியில் முட்டி நிற்கிறது. பலகை பக்கத்திலேயே கிடக்கிறது. எவாரிஸ்தோ முதலில் பெட்டியை நோக்கிக் கையைத்தான் நீட்டுகிறார், பழக்கதோஷம். பிறகு மெல்லக் குனிகிறார்.

நான் இங்கே பேனாவை வைத்துவிட்டேன். பலகையா, தோளா, நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்: எவாரிஸ்தோவுக்கு முதுகுவலி உண்டு.