வடக்குப் பாதையில் ஒரு விரதம்

சுவிஸின் துன் நகர முதியோர் இல்லத்தில், தான் பராமரிக்கும் ஃபிராவ் லூத்திக் கிழவியின் காலுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது கோசலாவுக்கு ஃபோன் வந்தது. கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். வயிறு ஒட்டிப்போய்க் குனிந்தால் தலை சுற்றியது. திரையில் மருமகன் ஆரணனின் பெயர். மகள் கிருசிகாவோடு கிளிமஞ்சாரோ மலை ஏறப் போனவன் இந்த நேரத்தில் மாமியாரை எதற்குத் தேடுகிறான்?

"மாமி, ஒண்டுக்கும் பயப்பிடாதைங்கோ."

இப்படித் தொடங்கின கதை எது நல்லதாக முடிந்திருக்கிறது!

"கிருசிகா நேற்று மலையில மயங்கி விழுந்திட்டா. இப்ப கீழ ஆஸ்பத்திரியில. கண் முழிச்சிட்டா, கதைக்கிறா."

கோசலா கட்டில் விளிம்பில் பொத்தென்று இருந்தாள். மற்றப் பாதைகளில் சுற்றுலாக்காரர் நெரியும் இன்டர்லாக்கன் ஸ்டேஷன் மாதிரிச் சனமாம், வடக்குப் பக்கத்தால் ஏறினால் ஆள் அரவமே இல்லையாம் என்று மகள் ஆசைப்பட்டுத் தேடி எடுத்த பாதை. ஆளில்லாத அந்தப் பாதையில்தான் சுமைகாரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு அரைநாள் இறங்கியிருக்கிறார்கள்.

"உயரம் ஒத்துக்கொள்ளேல்லையோ தம்பி?"

"நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம். பசிக்கேல்ல, பசிக்கேல்ல எண்டவ. அங்க எல்லாருக்கும் அப்பிடித்தானே. இப்பதான் டொக்டரிட்டச் சொல்லுறா, விரதமாம். இரவில ஒரு வாழைப்பழம் மட்டுமாம். எனக்கே சொல்லேல்ல மாமி."

 விரதமா? கிருசிகாவா? கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு சஷ்டிக்கும் கோசலா சொல்லுவாள்: "இந்த முறை பிடி பிள்ளை, முருகன் ஒரு குழந்தையைத் தருவார்." அவளும் "ஓம் அம்மா, பிடிக்கிறன்" என்பாள். மூன்றாம் நாளே நொஷாட்டல் நகரில் சிநேகிதிகளோடு உருகிய சீஸ் தின்னும் படம் ஃபோனில் வரும். கோசலா காணாதது போல இருந்துவிடுவாள். தாய் சொல்லுவதும் மகள் ஓம் என்பதும் அந்த வீட்டில் சுகம் விசாரிப்பது மாதிரி ஒரு பழக்கம். அதை ஆர் மெய்யென்று எடுத்தது? இந்த முறையும் விமான நிலையத்தில் வாய்ப்பழக்கத்தில்தான் சொன்னாள். மலை ஏறப் போகிறவள் நாலு வேளையும் வெளுத்துக்கட்டுவாள் என்று நம்பித்தான் சொன்னாள்.

பாவி, பிடித்திருக்கிறாளே! கேட்டவர்களுக்கெல்லாம் "வேலை இருக்கு, இப்ப பிள்ளை வேண்டாம்" என்று வாயை அடைத்தவள். அவளுக்கு இவ்வளவு ஆசை இருந்ததா? அதைத் தெரியாத தானும் ஒரு தாயா?

"அவளைக் காட்டு தம்பி."

திரையில் வந்த முகம் மகளுடையதென்று அவளுக்கு மட்டுக்கட்டவே முடியவில்லை. மூக்கில் குழாய். உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது.

"அம்மா, நாளையோட முடியுது. டொக்டர்மார் சூப் குடி எண்டு நிக்கினம். ஒரு நாள்தானே, நான் இருப்பன்."

"விசரே உனக்கு? குடி பிள்ளை. நான் சும்மா சொன்னது."

கிருசிகாவின் கண்கள் அசையாமல் நின்றன.

"சும்மாவோ?"

கோசலா ஃபோனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். 

"நீங்கள் மட்டும் பிடிக்கிறீங்கள்தானே அம்மா? நீங்கள் விடேல்லத்தானே?"

பக்கத்து மேசையில் ஃபிராவ் லூத்தியின் மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கோசலா ஃபோனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தாள். தட்டை இழுத்தாள். முப்பது வருடம் சஷ்டி நாளில் முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடாதவள், பொரித்த இறைச்சிச் சொசேஜில் ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தாள்.

"இஞ்ச பார். நல்லாப் பார்."

 கண்ணீரோடு மென்றாள். ஃபிராவ் லூத்தி ஒன்றும் விளங்காமல், தன் தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

கிருசிகா தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்திலிருந்து ஆரணனின் கை சூப் கோப்பையோடு திரைக்குள் வந்து, அவளுடைய உதட்டருகே நின்றது.