மணவாளன் சாருக்கு ஆபரேஷன், எங்களுக்குப் பத்தியம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் போல்ட் கம்பெனியின் முதலாளி மணவாளன், தொண்ணூற்றாறாம் வருஷம் நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தார். ஸ்டோர்ஸில் கம்பி நிறுக்கும் மேடையில் ஏறிப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஸ்டோர்கீப்பரை எச்சரித்தார். சாயங்காலத்துக்குள் அறுபது பேருக்கும் தெரிந்துவிட்டது. டைம் ஆபீஸ் கிளார்க்கான எனக்கு அரை மணி முன்னாலேயே தெரியும்.

அந்த வருஷம் அவர் அமெரிக்காவில் மைத்துனர் வீட்டுக்குப் போய், வயிற்றைத் தைத்துச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு அக்டோபரில் திரும்பினார். அப்படி ஓர் ஆபரேஷன் உண்டு என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. பிரஸ் மெஷின் ஓட்டும் வேம்புலிதான் ரொம்ப யோசித்தான்.

"கம்மியா துன்றதுக்கு இன்னாத்துக்கு மாமே ஏரோப்ளேன் ஏறணும்? நம்ம ஊட்டாண்ட வந்து பத்து நாள் இருந்தாலே போதுமே."

முதலாளி கூடவே ஓர் இங்கிலீஷ் புத்தகமும் கொண்டுவந்தார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலிருந்து, சாப்பிட்டு அரை மணி கழியும் வரை தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. தைத்த வயிறு எலுமிச்சம்பழம் அளவுதான். சாப்பாட்டோடு தண்ணீரும் போனால் ஒன்று சோறு வழுக்கிக்கொண்டு இறங்கிச் சீக்கிரமே மறுபடி பசிக்கும், இல்லாவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

கேன்டீனில் சமைக்கும் முனியம்மா தினமும் அவர் அறைக்கு இரண்டு கரண்டி பருப்புச் சாதம் குழைத்து எடுத்துப் போவாள். அவர் கைக்கடிகாரத்தை மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுவார். மே மாதத்துக்குள் நாற்பது கிலோ இறங்கிவிட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். வயிற்றுக்குள் இருக்கும் தையல் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, கடிகாரம்தான் தெரிந்தது. அதனால் எல்லாம் தன் கட்டுப்பாட்டினால் என்று நம்பத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ரகுநாதன், இந்தப் பக்கத்தைத் தமிழ்ல எழுதிக் கேன்டீன்ல ஒட்டணும்."

எழுதிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே பேனாவை வைத்தார்.

"'இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு'ன்னு இருக்கே, இது எதுக்கு?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு சார்."

"எடுத்துடுங்க. நல்லது எல்லாருக்கும் பொதுதானே."

எடுத்துவிட்டேன். பதினோரு வருஷ சர்வீஸில் அப்படி நான் எடுத்துவிட்ட வரிகள் நிறைய.

திங்கட்கிழமை கேன்டீன் மேஜைகளில் ஜக்கும் இல்லை, டம்ளரும் இல்லை. சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரை. சர்க்குலர் கணக்குப்படி தண்ணீர் குடிக்க நேரம் ஒன்றரை. ஒன்றரைக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மெஷினை விட்டு நகர்ந்தால் மெமோ. கத்திரி வெயில் நேரம். உலைப் பக்கம் வேலை பார்க்கிறவர்களின் சட்டை முதுகில் உப்புப் பூத்துக் கிடக்கும். அறுபது பேரில் கனமானவர் வாட்ச்மேன் லோகநாதன், அறுபத்தெட்டு கிலோ. மற்றவர்களுக்கு இளைக்க எதுவும் மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமை முனியம்மா என்னிடம் வந்தாள்.

"சார், அந்தப் பேப்பர்ல தண்ணின்னுதானே போட்டுக்கீது? ரசம்னு போடலியே?"

"போடலை."

"அது போதும்."

அன்றிலிருந்து ரசம் இரண்டு அண்டா ஆயிற்று. வார முடிவில் ரசம் நிறைந்திருக்கும்போதே அண்டாவின் அடி தெரிந்தது. அறுபது பேருக்கு நாலு தக்காளி, ஒரு பிடி உப்பு, மஞ்சள் நிறம். ஆளுக்கு மூன்று கிண்ணம் குடித்தார்கள். வேம்புலி ஒரு பாட்டிலில் பிடித்து மெஷினடியிலும் வைத்துக்கொண்டான். சூப்பர்வைசர் கேட்டால் முகர்ந்து பார்க்கக் கொடுப்பான்.

புத்தகத்தின் அடுத்த பக்கத்தில், சூப்பு, காபி என்று குடிக்கிற எல்லாமே தண்ணீர்க் கணக்கில் சேரும் என்று இருந்தது. அவர் ஒரு பக்கம்தான் கேட்டார், ஒரு பக்கம்தான் கொடுத்தேன். இந்த ஒரு விஷயத்தில் நான் நல்லவனாக இருந்துவிட்டேன்.

ஆனால் வாசனை முதலாளி அறைவரை போயிற்று. "எனக்கும் ஒரு டம்ளர் ரசம் கொண்டா. அது தண்ணி இல்லையே" என்றார். அவருக்கு மட்டும் மிளகு தட்டிப் போட்டு, நெய்யில் தாளித்த ரசம். அதைச் சேர்த்துக்கொண்டதும் சாதம் தடையில்லாமல் இறங்கியது. இரண்டு கரண்டி நாலாயிற்று, பிறகு ஒரு தட்டாயிற்று. "வயிறு பழகிடுச்சு" என்று சந்தோஷப்பட்டார். தீபாவளிக்குத் தைத்த புதுச் சட்டையில் நடுப் பட்டன் போட வரவில்லை.

புத்தகத்தை எடுத்துத் தானே படித்தார். மறுநாள் ரசமும் நிறுத்தம்.

வேம்புலி அறைக்கே போய்விட்டான். "உலையாண்ட நின்னுகினு தண்ணி இல்லாம எப்படி சார் சோறு எறங்கும்?"

"இறங்கும். நாளைக்கு நானே கேன்டீன்ல வந்து சாப்பிட்டுக் காட்டறேன்."

சொன்னபடி வந்தார். நடு மேஜையில் உட்கார்ந்தார். வேறு இடம் இல்லாததால் எதிரே நான். முனியம்மா சாதமும் கெட்டிக் குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் பரிமாறினாள்.

"பாருங்க, எல்லாம் பழக்கம்தான்" என்று ஆரம்பித்தார்.

ஆனால் ஆறு மாதமாக அவருக்குப் பழகியிருந்தது ரசத்தோடு சாப்பிடும் வேகம். நாலாவது கவளத்தில் கை நின்றது. நெஞ்சைத் தடவினார். நெற்றி முழுக்க வியர்வை. எச்சில் ஊறி வாய் ஓரத்தில் வழிந்தது. கைநீட்டித் தண்ணீர் கேட்டார். மேஜையில் ஏது தண்ணீர்? வேம்புலிதான் ஓடிப்போய்க் குழாயில் ஒரு மக்கு பிடித்து வந்தான்.

"வாணாம் சார், அதான் புக்குலயே போட்டுக்கீதாமே" என்றாள் முனியம்மா. அவள் நிஜமாகவே பயந்துதான் சொன்னாள். அவர் கேட்கவில்லை, மக்கைப் பிடுங்கிக் குடித்தார். குடித்தது, தின்றது எல்லாம் திரும்பி வந்தது. பாதி என் தட்டில்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. முனியம்மா அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, முகம் கழுவிவிட்டு, பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தாள்.

"உனுக்கு எலுமிச்சம்பழ வவுறு சார். நீ வுட்டுத்தான் ஆவணும். இதுங்களுக்குப் பொறந்தப்போ குட்த்த வவுறு அப்படியே கீது. குடிச்சிட்டுப் போட்டுமே" என்றாள்.

அவர் கால்மணி கழித்து எழுந்து அறைக்குப் போனார்.

மறுநாள் முனியம்மா தானாகவே ஜக்குகளை நிரப்பி மேஜைகளில் வைத்தாள். வைக்கச் சொல்லி உத்தரவும் வரவில்லை, எடுக்கச் சொல்லியும் வரவில்லை. என் சர்க்குலர் மட்டும் சுவரில் ஒரு பக்கம் பிரிந்து, மின்விசிறி ஓடும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. முதலாளி மறுபடி அறைக்குள் ரசமில்லாமல், இரண்டு கரண்டியை இருபது நிமிஷம் மென்றார். எடை இறங்கியது.

ஜனவரியில், தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி அமெரிக்க டாக்டர் போனில் சொன்னாராம். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு எஸ்டேட்டைச் சுற்றி வந்தார். பத்து நாளில் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. அந்தத் தெளிவைப் பார்த்ததும் நான் பேனாவுக்கு மை போட்டு வைத்தேன்.

"ரகுநாதன்," என்று கூப்பிட்டார், "நடை மாதிரி ஒரு மருந்து கிடையாது தெரியுமா? ஒரு சர்க்குலர் எழுதுங்க."

அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேன் ஒன்றாம் தேதியிலிருந்து கிடையாது என்பதுதான் சர்க்குலர். எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை எடுக்க வேண்டிய வரி எதுவும் இருக்கவில்லை. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வரும் நானும் அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்று கிலோமீட்டர். காலையில் இருபது பேர் சேர்ந்து நடப்போம். பின்னாலிருந்து மணவாளன் சாரின் கார் ஹார்ன் அடித்தால் ஓரமாக ஒதுங்கி நிற்போம். அவர் கண்ணாடியை இறக்கி, கையைக் காட்டிவிட்டுப் போவார்.