மூன்றாவது உதாரணம்

காகிதம் மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க இலக்கியா அதன் மேல் குழந்தையின் பிளாஸ்டிக் யானையை வைத்தாள். தலைப்பை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்: 'மதிக்கப்படும் அறிவு எவ்வளவு உறுதியானது?' நாளைக் காலை பேருந்தில் சிதம்பரம் போய், பத்து மணி வகுப்பில் கட்டுரைத் திட்டத்தை நீட்ட வேண்டும். இரண்டு உதாரணங்கள் புத்தகத்திலிருந்து இருக்கலாம், மூன்றாவது சொந்த வீட்டிலோ தெருவிலோ கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

"மொத ரெண்டும் நீங்க குடுத்துட்டீங்க மாமா. மூணாவதுதான் கெடைக்க மாட்டேங்குது."

சேரன் தலையாட்டினான். அவள் அவனுடைய மனைவியின் தங்கை. அவன் இயற்பியல் படித்தவன், பள்ளியில் பாடம் நடத்துபவன் என்பதால் இந்த வேலை அவனிடம் வந்திருந்தது. ப்ளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று எழுதி அவன் மதிப்பெண் வாங்கியிருக்கிறான்; பிறகு அது கோளில்லை என்றார்கள். வயிற்றுப்புண் காரத்தாலும் கவலையாலும் வருவது என்று மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். பெரும்பாலும் கிருமியால் வருகிறது என்று பிறகு தெரிந்தது. இரண்டையும் சொல்லிவிட்டு அவன் நிறுத்திக்கொண்டான். மூன்றாவதைப் பற்றி அவனுக்கு யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது இந்த வீட்டிலேயே இருந்தது.

கூடத்தின் மறுகோடியில் மாமனார் தட்சிணாமூர்த்தி பேத்தியை மடியில் போட்டுக் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம். சிந்துஜாவுக்கு இரண்டரை வயதாகிறது. இதுவரை ஒரு நாளும் சேரன் அவளுக்கு எண்ணெய் தேய்த்ததில்லை. யாரும் ஏனென்று கேட்டதில்லை.

"காரத்தால வரலியாமா புண்ணு?" என்றார் அவர். "முப்பத்திரண்டு வருஷம் அதத்தான் சொல்லி மாத்தர குடுத்தேன். பொழைச்சவன்லாம் என்னால பொழைக்கல போல."

இலக்கியா சிரித்தாள். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். செம்மண்டலத்தில் அந்தத் தெரு முழுக்க அவருக்குப் பெயர் கம்பவுண்டர்தான். ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டரிடம் காட்டுமுன் இவரிடம் காட்டுவார்கள். காட்டிய பிறகு பலர் டாக்டரிடம் போவதில்லை.

சிந்துஜா பிறந்த எட்டாம் நாள் அவன் மனைவி காயத்ரிக்கு இடது கால் வீங்கியது. இவர் வந்து விரலால் அழுத்திப் பார்த்தார். பிரசவ வீக்கம், எண்ணெய் காய்ச்சித் தேய்த்தால் வடிந்துவிடும் என்றார். ஒரு கால் மட்டும் ஏன் வீங்க வேண்டும் என்று சேரனுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. மாமனாரிடம் அந்த வீட்டில் யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. மூன்று நாள் காலையும் மாலையும் கெண்டைக்காலிலிருந்து தொடை வரை அவன்தான் அழுத்தித் தேய்த்துவிட்டான். நான்காம் நாள் விடியலில் அவள் மூச்சுக்குத் தவித்தாள். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்ற டாக்டர், "யாராவது காலத் தேச்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றான் சேரன். ஐந்தடி தள்ளி மாமனார் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. பெண்ணாடத்தில் தன் வீட்டுக்கே போய்விடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறான். குழந்தை தாத்தாவின் மடியை விட்டால் தூங்காது. ஒரு சொல் பொய்க்குள் இத்தனை நாள் குடியிருக்க வேண்டிவரும் என்று அவன் நினைத்ததில்லை.

வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அமிர்தம்.

"அண்ணே, எம் மருமவளுக்குக் கொழந்த பொறந்து பத்து நாளாவுது இல்ல. ஒரு காலு மட்டும் வீங்கிக் கெடக்குது. தொட்டா சுடுது. வெளக்கெண்ண காய்ச்சி வச்சிட்டேன். தேச்சு வுடட்டுமா? நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

சேரன் எழுந்துவிட்டான். எழுந்தது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. மாமனாரின் கை குழந்தையின் காலில் அப்படியே நின்றது. இந்த முறை அவர் சொல்வதற்குள் தான் சொல்லிவிட வேண்டும். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள்.

"தேக்காத" என்றார் தட்சிணாமூர்த்தி.

"என்னண்ணே?"

"கால்ல கையே வைக்காத. நடக்க வுடாத. ஆட்டோ வச்சி இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போ."

"பேதின்னு வந்தாலும் ஜொரம்னு வந்தாலும் ஒரே மாத்தரயில முடிச்சிடுவீங்க. வீக்கத்துக்குப் போயி ஆஸ்பத்திரியா? கம்பவுண்டருக்கே பயம் வந்துடுச்சா?"

"போன்னா போ அமிர்தம்."

அவர் குரல் உயரவில்லை. அமிர்தம் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சேரனைப் பார்த்தாள், வேகமாகப் போனாள். சேரன் உட்கார்ந்தான். அப்படியென்றால் அன்றைக்கு அவர் காதில் விழுந்திருக்கிறது. இரண்டரை வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே குழந்தையைத் தூக்கி, இரண்டு பேரும் ஒரே கதவை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

இலக்கியாவின் பேனா காகிதத்தில் மூன்று என்ற எண்ணைப் போட்டுவிட்டு நின்றிருந்தது. அக்கா இறந்தபோது அவள் கல்லூரி விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சடைப்பு என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா அப்ப போன்ல சொல்லுச்சு மாமா" என்றாள், காகிதத்தைப் பார்த்தபடி. "அப்பா சொன்னாருன்னு நீங்க தெனமும் காலு தேச்சு வுடறீங்கன்னு. ராணி மாதிரி இருக்குதுடின்னு சிரிச்சுச்சு."

ஆட்டோ ஒன்று தெருவில் வந்து நின்றது. தட்சிணாமூர்த்தி எழுந்து, குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு, ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். ஆட்டோ கிளம்பிப் போன பிறகும் திரும்பவில்லை.

தாத்தா வராததால் சிந்துஜா எண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பத் தளும்ப, அப்பாவிடம் வந்தாள். கிண்ணத்தைக் காகிதத்தின் மேல் வைத்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எண்ணெய் படாத இடது காலைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

"அப்பா, தேச்சு வுடு."

கிண்ணத்தின் அடியிலிருந்து எண்ணெய் மெல்லப் பரவி, மூன்று என்ற எண்ணைத் தொட்டது. இலக்கியா காகிதத்தை எடுக்கவில்லை. சேரனின் கைகள் அந்தச் சின்னக் காலுக்குச் சற்று மேலே, அதைத் தொடாமல், நின்றுகொண்டிருந்தன.